ஃபயர் பாலிசிக்குள் தண்ணீர் புகுந்த கதை

இந்தியாவில் வீட்டுக்கு எடுக்கிற இன்சூரன்ஸ் பாலிசியில் ஒரு வரி உண்டு. தண்ணீர்த் தொட்டி, குழாய், அதைச் சார்ந்த கருவிகள் வெடித்தோ வழிந்தோ ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு என்று அந்த வரி சொல்லும். பத்து பேர் பாலிசி எடுத்தால் ஒன்பது பேர் அதைப் படிப்பதில்லை. படித்தவருக்கும் ஒரு சந்தேகம் வரும். நம்ம ஊர்ல குழாய் எங்கங்க வெடிக்குது?

ஆழ்வார்திருநகரி தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது. மார்கழிப் பனியில் விடியற்காலை கோலம் போடுகிறவர்கள் தலையில் துணியைப் போட்டுக்கொள்வார்கள். நம் குளிர் அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் உறைவது இந்த ஊரில் நடக்காது. ஆனால் இதே ஊர் 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஆற்று வெள்ளத்தைப் பார்த்தது. அப்படியானால் இங்கே பாலிசியில் நமக்கு வேண்டிய வரி எது? அது பாலிசிக்குள் எப்படி வந்தது? 2023 வெள்ளத்துக்குப் பிறகு உறவினர்கள் சிலர் தங்கள் பாலிசிகளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதுல நமக்கு ஏதாவது உண்டாடே, பாத்துச் சொல்லு" என்று கேட்டார்கள். மென்பொருள் எழுதுகிறவனுக்கு நிபந்தனை வாசகங்களைப் படிப்பது கொஞ்சம் பழக்கம். 'இது நடந்தால், அது நடக்காவிட்டால்' என்றுதானே எங்கள் பிழைப்பே ஓடுகிறது. அப்படிப் படிக்க ஆரம்பித்து எடுத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் கடல், பிறகு நெருப்பு

தண்ணீரால் வரும் நஷ்டத்துக்கு முதலில் காசு கட்டியவர்கள் வீட்டுக்காரர்கள் இல்லை, கப்பல்காரர்கள். லண்டன் லாயிட்ஸ் வணிகர்கள் 1779ல் கப்பலுக்கும் சரக்குக்கும் ஒரு நிலையான பாலிசி வாசகத்தை ஏற்றுக்கொண்டார்கள். கடலால் வரும் ஆபத்துகளை அது பட்டியலிட்டது. அதன் ஆயுள் ஆச்சரியமானது. இந்தியா 1963ல் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் இயற்றியபோது அதன் அட்டவணையில் அதே வாசகத்தைத்தான் மாதிரியாக வைத்தார்கள்.

இது நம் பக்கத்துக்கு அந்நியமான சங்கதி அல்ல. தூத்துக்குடியில் 1974ல் புதிய துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பு, ஆழம் போதாததால் பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தள்ளி நிற்கும். பருத்தி மூட்டையோ மற்ற சரக்கோ தோணியில் ஏறித்தான் கப்பலுக்குப் போகும். மூட்டை நனைந்தால் யாருக்கு நஷ்டம் என்ற கேள்வி அந்தத் தொழிலோடு கூடவே இருந்தது. வ.உ.சி. 1906ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியது இந்தத் துறைமுகத்தில்தான். அடுத்த வருஷம், 1907ல், பம்பாயில் இந்தியன் மெர்க்கன்டைல் இன்சூரன்ஸ் தொடங்கியது. பொதுக் காப்பீட்டின் எல்லா வகைகளையும் செய்த முதல் இந்திய நிறுவனம் அது. கப்பலும் இன்சூரன்ஸும் நம் கைக்கு வர வேண்டும் என்ற எண்ணம் ஒரே காலத்தில் எழுந்ததை இங்கே கவனிக்க வேண்டும்.

வீட்டு இன்சூரன்ஸின் பிறப்பு வேறு. 1666ல் லண்டனில் நாலு நாள் எரிந்த தீயில் சுமார் 13,000 வீடுகள் போயின. அதற்குப் பிறகு 1680களின் தொடக்கத்தில் நிக்கோலஸ் பார்பன் என்ற கட்டட வியாபாரி வீடுகளுக்குத் தீக் காப்பீடு விற்க ஆரம்பித்தார். அந்தக் காலத்து நிறுவனங்கள் சொந்தமாகத் தீயணைப்புப் படையும் வைத்திருந்தன. வீட்டு முகப்பில் நிறுவனத்தின் உலோகத் தகடு அறையப்பட்டிருக்கும். அந்தப் பாலிசி நெருப்பை மட்டுமே பேசியது. 1850ல் கல்கத்தாவில் ட்ரைட்டன் இன்சூரன்ஸ் தொடங்கி நம் நாட்டுக்குப் பொதுக் காப்பீடு வந்தபோதும் வீடு, கிட்டங்கி, ஆலை எல்லாவற்றுக்கும் அடிப்படை தீப் பாலிசிதான். ஆக, தண்ணீர் கடல் பாலிசியிலும் நெருப்பு நிலப் பாலிசியிலும் என்று பாகம் பிரித்துக்கொண்டன.

தண்ணீர் உள்ளே வந்த வழி

தீப் பாலிசிக்குள் தண்ணீர் முதலில் வந்தது பின்வாசல் வழியாக. தீயை அணைக்க ஊற்றிய தண்ணீரால் மேஜையும் துணியும் கெட்டால் அது தண்ணீர்ச் சேதமா, தீச் சேதமா? தீ இல்லையென்றால் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள், எனவே அது தீச் சேதமே என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். நஷ்டத்துக்கு நேரடியான, முதன்மையான காரணம் எது என்று பார்க்கும் இந்தக் கோட்பாடு இன்றும் இன்சூரன்ஸ் வழக்குகளின் முதுகெலும்பு.

இரண்டாவது வழி நம் தலைப்பு வரி. குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குழாய் வந்தபோது கூடவே ஒரு புது ஆபத்தும் வந்தது. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9% கூடுகிறது. பனிக்கட்டி குழாயின் சுவரைத் தள்ளி உடைக்கிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பல சமயம் நடப்பது வேறு. பனிக்கட்டி குழாயை அடைத்து மேலும் வளரும்போது, அந்த அடைப்புக்கும் மூடிய டேப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரின் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் குழாய் வேறொரு இடத்தில் கிழிகிறது. டேப்பைச் சொட்டுச் சொட்டாக ஒழுக விடுங்கள் என்று அங்கே சொல்வதற்குக் காரணம் இதுதான். அழுத்தம் இறங்க ஒரு வழி கிடைத்துவிடும். வெடித்த குழாய் உறைந்திருக்கும்வரை அமைதியாக இருக்கும். வெயில் வந்து உருகும்போதுதான் வீடு நிறையும்.

நம் ஆட்களுக்கு இது 2021 பிப்ரவரியில் நேரில் தெரிந்தது. டெக்சாஸில் கடுங்குளிர் வந்து மின்சாரமும் போனபோது டாலஸ், ஹூஸ்டன் பக்கம் ஏராளமான வீடுகளில் குழாய்கள் வெடித்தன. அங்கே தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று சொல்லவே வேண்டாம். இந்தியாவுக்குள்ளேயே பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீநகர் இருக்கிறது. டிசம்பர் 21ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரை அங்கே சில்லை கலான் என்பார்கள். குழாய் உறைவது அந்த நாட்களின் வழக்கமான செய்தி. ஆக, பாலிசியில் உள்ள அந்த வரி இந்தியாவுக்குள்ளேயே சிலருக்கு நேரடியாகப் பொருந்தும். நமக்கு அது மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டி உடைவதற்கும், மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து வீடு முழுக்க வழிந்ததற்கும் உதவும். சுவரில் மாதக்கணக்காக ஊறிய கசிவுக்கு உதவாது. திடீரென்று நடந்தால் விபத்து, மெதுவாக நடந்தால் பராமரிப்புக் குறை. இந்தப் பிரிவு உலகம் முழுக்க ஒன்றுதான்.

அமெரிக்கப் பாலிசியும் நம் பாலிசியும்: தலைகீழ்

இங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. அமெரிக்காவில் தீ, திருட்டு, பொறுப்பு என்று தனித்தனியாக இருந்தவற்றைச் சேர்த்து, 1950ல் இன்சூரன்ஸ் கம்பெனி ஆஃப் நார்த் அமெரிக்கா என்ற நிறுவனம் வீட்டுக்காரர் பாலிசி என்று ஒரே பொட்டலமாகக் கொடுத்தது. இன்று அங்கே பரவலாக உள்ள பாலிசிகளில் குழாய் உறைந்து வெடிப்பதற்கு இழப்பீடு உண்டு. ஆள் இல்லாத வீடாக இருந்தால் ஒரு நிபந்தனை இருக்கும்: ஹீட்டரை ஓட விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை அடைத்துக் குழாய்களைக் காலி செய்திருக்க வேண்டும். ஆனால் ஆறு பெருகி வாசல் வழியாக வந்த தண்ணீருக்கு அந்தப் பாலிசியில் ஒரு டாலர்கூடக் கிடையாது. வெள்ளம் விலக்கு. ஒரு வெள்ளம் வந்தால் ஊரே மொத்தமாக நனையும், எல்லாரும் ஒரே நாளில் இழப்பீடு கேட்பார்கள், வெள்ளம் வரும் இடத்தில் இருப்பவர்கள் மட்டுமே பாலிசி எடுப்பார்கள் என்பது நிறுவனங்களின் வாதம். அதனால்தான் 1968ல் அரசே வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் தொடங்க வேண்டி வந்தது. 2005ல் கட்ரீனா புயலுக்குப் பிறகு வீட்டை இடித்தது காற்றா, தண்ணீரா என்று நீதிமன்றங்களில் நடந்த சண்டைக்கும் காரணம் இந்த விலக்குதான்.

நம் ஊரில் நிலைமை நேர் எதிர். இங்கே தீப் பாலிசிக்குள்ளேயே புயல், வெள்ளம், நீர் சூழ்தல் எல்லாம் வந்துவிட்டன. இது தற்செயல் இல்லை. 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடு தேசியமயமானது. 107 நிறுவனங்கள் நான்காகச் சுருங்கின. அந்த நான்கில் யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் சென்னை. கட்டணத்தையும் வாசகத்தையும் டாரிஃப் அட்வைசரி கமிட்டி நாடு முழுமைக்கும் ஒன்றாக நிர்ணயித்தது. ஒரே வாசகம், ஒரே விலை என்பதால் வெள்ளம் வராத ஊர்க்காரரும் வருகிற ஊர்க்காரரும் ஒரே பானையில் காசு போட்டார்கள். அமெரிக்க நிறுவனங்கள் பயந்த பிரச்சினை இங்கே அப்படி அமுங்கியது.

2001ல் வந்த அகில இந்திய டாரிஃபில் இந்தப் பாலிசிக்கு ஸ்டாண்டர்ட் ஃபயர் அண்ட் ஸ்பெஷல் பெரில்ஸ் என்று பெயர். அதில் ஒரு கதவு திறந்திருந்தது. பாலிசி தொடங்கும்போதே புயல், வெள்ளம் சார்ந்த பகுதி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் கட்டணம் குறையும். நாலு காசு மிச்சம் என்று அதை நீக்கிவிட்டு, பின்னால் தண்ணீர் வந்தபோது தலையில் கை வைத்தவர்கள் உண்டு. 2007 ஜனவரியில் கட்டண நிர்ணயம் விலக்கப்பட்டது. வாசகம் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தது.

2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு பாரத் கிருஹ ரக்ஷா என்ற நிலையான பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. இதில் வெள்ளம், புயல், சுனாமி, நிலச்சரிவு, தொட்டி-குழாய் வெடிப்பு எல்லாம் அடிப்படைப் பட்டியலிலேயே உண்டு. சுனாமி என்ற சொல் அங்கே எதற்கு என்று 2004க்குப் பிறகு இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காப்பீட்டுத் தொகையை வீட்டின் உள்பரப்பை, கட்டுமானச் செலவால் பெருக்கிக் கணக்கிட வேண்டும். நிலத்தின் விலை இதில் வராது. உதாரணமாக 100 சதுர மீட்டர் வீடு, சதுர மீட்டருக்கு 20,000 ரூபாய் செலவு என்றால் கட்டடத்துக்கு 20 லட்சம். அதில் 20%, அதாவது 4 லட்சம், வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும். சாமான்களுக்கான இந்தத் தானியங்கித் தொகை 10 லட்சத்தைத் தாண்டாது. நகை, வெள்ளிக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஆக, காகிதத்தில் பார்த்தால் டெக்சாஸ் வீட்டுக்காரரைவிட ஆழ்வார்திருநகரி வீட்டுக்காரருக்கு நல்ல பாலிசி கிடைக்கிறது. பாலிசியை எடுத்தவர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

டிசம்பர் 2023

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டம் ஒரு வருஷம் முழுக்க வாங்கும் சராசரி மழையைவிட இது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் 60 செ.மீ.க்கு மேல். செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது, ஏன்னா முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. தாமிரபரணி கரை மீறியது, குளக்கரைகள் பல இடங்களில் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல், ஆத்தூர் என்று ஆற்றோரம் முழுக்கத் தண்ணீர்.

இன்சூரன்ஸ் கண்ணால் பார்த்தால் இதில் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. ஆழ்வார்திருநகரி பக்கம் ஆறும் குளமும் பெருகி வந்த தண்ணீர். காயல்பட்டினத்தில் ஆறு வராமலே, வானத்திலிருந்து விழுந்து தேங்கிய தண்ணீர். இரண்டும் வெள்ளமா? இந்தக் கேள்வி ஏற்கெனவே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு சிமென்ட் ஆலையில் வெளியே குவித்திருந்த நிலக்கரியைக் கனமழை அடித்துக்கொண்டு போனது. இது மழைச் சேதம்தானே, எந்த நீர்நிலையும் கரை மீறவில்லையே, இது வெள்ளம் ஆகாது என்றது காப்பீட்டு நிறுவனம். ஓரியண்டல் இன்சூரன்ஸுக்கும் ஜே.கே. சிமென்ட் ஒர்க்ஸுக்கும் நடந்த அந்த வழக்கில் 2020ல் தீர்ப்பு வந்தது. பாலிசியில் வெள்ளம் என்ற சொல்லோடு நீர் சூழ்தல் என்ற சொல்லும் இருக்கிறது, கனமழையால் நிலத்தில் தண்ணீர் தேங்குவதும் அதற்குள் வரும் என்று ஆலைக்குச் சாதகமாக முடிந்தது. ஒரு உபரிச் சொல் மாதிரித் தெரிவது, காயல்பட்டினம் மாதிரி ஒரு நாளில் ஒரு வீட்டையே காப்பாற்றும்.

சரி, யாருக்கு இது பயன்பட்டது? எனக்கு வந்த பாலிசிகளில் ஒன்றைத் தவிர எல்லாமே வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கி எடுக்கச் சொன்னவை. அதாவது புது வீடு, கடன் உள்ள வீடு. தாத்தா கட்டிய, கடன் இல்லாத, சுண்ணாம்புச் சாந்து வீட்டுக்கு யாரும் பாலிசி எடுக்கச் சொல்லவில்லை, அதனால் எடுக்கவும் இல்லை. தண்ணீரில் நாலு நாள் நின்றால் அதிகம் கெடுவது அந்த வீடுதான். அதற்கும் கீழே பனையோலைக் கூரை வீடு. பழைய டாரிஃபில் ஓலை, மூங்கில், தார்ப்பாய் கொண்டு கட்டியவை எல்லாம் கச்சா என்ற வகையில் சேர்ந்து கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அந்தக் குடும்பங்களுக்கு வந்தது அரசு கொடுத்த நிவாரணம். மிகவும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். அது அந்த நேரத்துக்குப் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் நிவாரணம் அரசு பார்த்துக் கொடுப்பது, இழப்பீடு நாம் உரிமையாகக் கேட்பது. இரண்டும் வேறு.

இன்னொரு வாசகம் ஆழ்வார்திருநகரி மாதிரி ஊர்களுக்கென்றே எழுதிய மாதிரி இருக்கும். பழைய ஸ்டாண்டர்ட் ஃபயர் பாலிசியில், வீடு 30 நாளுக்கு மேல் ஆள் இல்லாமல் இருந்தால், நிறுவனத்தின் ஒப்புதல் முன்கூட்டியே வாங்காத பட்சத்தில் காப்பீடு நின்றுவிடும். மாடவீதிகளில் பூட்டிய வீடுகளை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள், திருவிழாவுக்கு வந்து திறப்பார்கள். டெக்சாஸ்காரரின் 'ஹீட்டர் ஓடியிருக்க வேண்டும்' நிபந்தனைக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான்: வீட்டைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும்.

பாலிசிக்கு முந்தைய காப்பீடு

காப்பீடு என்பது ஆபத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்வது என்றால், இந்த ஆற்றோரம் அதை வேறு மாதிரி செய்துவந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் ஏரி வாரியத்தை எல்லாரும் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். பிற்காலத்தில் குடிமராமத்து. வாய்க்கால் தூர்வார, குளக்கரை பலப்படுத்த ஊரே வேலைக்கு வர வேண்டும். சென்னை மாகாண அரசு 1858ல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு இந்த வழக்கத்தைச் சட்டமாக்கியது. வழக்கமாக இருந்ததைக் கட்டாயமாக எழுதியபோது அதன் உயிர் போனதா, உயிர் போய்க்கொண்டிருந்ததால் எழுதினார்களா என்பது தனிப் பதிவுக்கான விஷயம். வெள்ளத்திலோ வறட்சியிலோ பயிர் போனால் ஜமாபந்தியில் தீர்வை வஜா கிடைக்கும். அது பயிருக்கு. வீட்டுக்கு யாரும் வஜா கொடுத்ததில்லை.

இந்தப் பழைய முறைக்கும் பாலிசிக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பாலிசி உடைந்த பிறகு காசு தரும், கரையைக் காக்காது. குடிமராமத்து கரையைக் காக்கும், உடைந்த வீட்டுக்குக் காசு தராது. நாம் முதலாவதை இன்னும் முழுசாக வாங்கவில்லை, இரண்டாவதைக் கைவிட்டுவிட்டோம்.

பாலிசி வாங்க முடியாத பொருள்

விலக்குப் பட்டியலில் ஒரு சொல் என்னை நிறுத்தியது. கையெழுத்துப் பிரதிகள், பத்திரங்கள், எந்த வகை ஆவணமும் காப்பீட்டில் சேராது. விலை போட முடியாத பொருளுக்கு இழப்பீடும் போட முடியாது என்பது நியாயம்தான். ஆனால் இந்த ஊர் எது? 1880களில் உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். இலக்ஷ்மண கவிராயரின் உதவியால், அவர் மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டு ஏடுகளிலிருந்து அவருக்குப் பத்துப்பாட்டு கிடைத்தது. 1889ல் பத்துப்பாட்டு அச்சில் வந்தது. ஒரு வீட்டுப் பரணில் அது அதுவரை தாமிரபரணிக்கும் கறையானுக்கும் தப்பி இருந்திருக்கிறது. அதைக் காத்தது, தலைமுறைக்குத் தலைமுறை பிரதி எடுத்தவர்களும் உயரத்தில் வைத்தவர்களும்.

இன்று நம் வீட்டு ஏடுகள் கிரயப் பத்திரம், பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ், பழைய போட்டோ. 2023ல் பல வீடுகளில் பீரோவின் கீழ்த் தட்டில் இருந்து கூழாகிப்போனவை இவைதான். இவற்றுக்கு எந்த நிறுவனமும் காசு தராது. ஸ்கேன் செய்து வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு நகல் கொடுத்து வைப்பதுதான் இந்தக் காலத்துப் பிரதி எடுத்தல்.

மழைக்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பாலிசி இருந்தால் அதில் வெள்ளமும் நீர் சூழ்தலும் இருக்கிறதா, யாராவது நீக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பூட்டிய வீடாக இருந்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வீட்டையும் சாமானையும் இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள். தண்ணீர் வடிந்ததும் கழுவாதீர்கள். எங்கள் உறவினர் ஒருவர் விருந்தாளி வருகிற மாதிரி சுவரை எல்லாம் சுத்தமாகக் கழுவி வைத்தார். வந்த சர்வேயர் "தண்ணி எதுவரை நின்னுச்சு?" என்று கேட்டபோது காட்டுவதற்குச் சுவரில் கோடே இல்லை. இழப்பீடு பாதியாகக் குறைந்தது. முதலில் போட்டோ, பிறகு துடைப்பம். கொடுத்த முடிவு திருப்தி இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

தெருவில் பெரியவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, கம்பெனிக்காரன் காசு குடுக்கான், குடுக்கல, அது அப்புறம். மொதல்ல அந்த வாய்க்கால்ல கிடக்க அமலையை எடுக்கச் சொல்லு" என்றார். அவர் சொன்னதும் இன்சூரன்ஸ்தான்.